மற்றவை: 8.6 சதவீதம்

நேமம்,
4 ஜனவரி 2024

பிரேமாவுக்கு உலகம்மாள் எழுதுவது.

நலமா என்று கேட்க மனசு வரவில்லை. அதனால் கேட்கவில்லை.

உன் அண்ணன் நாலு நாளாக, "ஒரு போனைப் போட்டுப் பேசிரு, எல்லாம் சரியாப் போவும்" என்று நச்சரிக்கிறார். போனில் பேச மாட்டேன். உன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். போனில் சொன்னதை நாளைக்கு, "நான் அப்படிச் சொல்லலியே மதினி" என்று நீ மாற்றிவிடலாம். தாளில் எழுதினால் எழுதினதுதான். அதனால்தான் பஸ்ஸில் அரைமணி தூரத்தில் இருக்கிறவளுக்குத் தபால் தலை ஒட்டுகிறேன்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன். சபரிமலை சீசன் நாற்பத்தொரு நாளும் தம்பானூரில் சுசீலாபாய் அக்கா தன் மெஸ்ஸில் முட்டையைத் தொட மாட்டார்கள். மாலை போட்ட சாமிமார் சாப்பிட வருகிற இடம். சீசனுக்கு முந்தின வாரம் நான் கொடுத்த முட்டையில் இரண்டு தட்டு மிஞ்சி, பிரிட்ஜின் அடியிலேயே கிடந்திருக்கிறது. அன்றைக்குப் புது வருஷக் கேக்குக்காக அதை எடுத்து உடைத்தார்கள். நான் புதுத் தட்டோடு அப்போதுதான் உள்ளே நுழைகிறேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

"ஐயோ, இது எந்தா உலகம்மா? முட்டைக்குள்ள ரோஸ் வெள்ளமா?" என்று சுசீலாபாய் அக்கா கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார்கள். வெள்ளைக் கரு முழுக்க ரோஸ் நிறம். எனக்கும் அது புதுசு. நான் வாய் திறப்பதற்குள் நீ சொன்னாய். "பாக்டீரியா அக்கா. கோழி அழுக்கு ஒட்டின கையாலேயே துடைச்சு அடுக்கியிருப்பாங்க. வீட்டு முட்டைன்னா இப்படித்தான்."

சுசீலாபாய் அக்கா, சமையல் செல்லபாய், உன் ஹாஸ்டல் பெண்கள் மூன்று பேர். ஐந்து பேர் கேட்டார்கள். ஐந்து பேர் கேட்டது மூன்றே நாளில் நேமம் வரை வந்துவிட்டது. எங்கள் வரிசையில் இப்போது ஒருத்தியும் என்னிடம் முட்டை வாங்குவதில்லை. பத்து வருஷமாகக் கோழி வளர்க்கிறேன். சுத்தமில்லாதவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. சொன்ன முதல் ஆள் என் வீட்டுப் பெண்.

என் கை அழுக்கு என்று எதை வைத்துச் சொன்னாய்? அதை எழுது.

உலகம்மாள்


தம்பானூர்,
11 ஜனவரி 2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மலையாளப் பள்ளியில் படித்தவள் நான், தமிழில் இவ்வளவு நீளமாக யாருக்கும் எழுதியதில்லை. மூன்று தாளைக் கிழித்த பிறகு இது நான்காவது.

அத்தனை பேர் முன்னால் சொன்னது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் சொன்ன விஷயம் தப்பில்லை. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சில பாக்டீரியாக்கள் அந்த வழியாக உள்ளே போய் வெள்ளைக் கருவை ரோஸ் நிறமாக்கும். ஓடு ஈரமாக இருந்தால் இன்னும் சுலபமாகப் போகும். நீங்கள் ஈரத் துணியால் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதை வைத்துத்தான் சொன்னேன்.

தீவனத்தில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று அண்ணன் கேட்டார். இருக்காது. நீங்கள் போடுகிற இலவங்கொட்டைப் புண்ணாக்கை ஜூலை மாதம் எங்கள் லேபில் சோதித்தவளே நான்தான். எண்ணெய் மில்காரர் விற்பனைக்கு முன் சாம்பிள் கொண்டுவந்து கொடுத்தார். எந்த எண்ணெயும் பல கொழுப்பு அமிலங்கள் சேர்ந்ததுதான். எது எவ்வளவு இருக்கிறது என்று மெஷின் பிரித்துக் காட்டும். முப்பத்தேழு பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலோடு அதை ஒப்பிடுவோம். இந்தப் புண்ணாக்கில் இருப்பவை நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இருக்கிற சாதாரண அமிலங்கள்தான். ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். கடைசி வரியில் 'கோழித் தீவனத்துக்கு உகந்தது' என்று இருக்கும். அதன் கீழே இருப்பது என் கையெழுத்து.

கூட்டை பிளீச்சிங் பவுடர் போட்டு ஒருமுறை நன்றாகக் கழுவுங்கள். முட்டையை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு மாதத்தில் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து காட்டித் தரட்டுமா?

அன்புடன்,
பிரேமா


நேமம்,
16 ஜனவரி 2024

பிரேமாவுக்கு,

வர வேண்டாம். பிளீச்சிங் பவுடர் எப்படிப் போடுவது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். வாரம் தவறாமல் கழுவுகிற கூடு அது.

உன் ரிப்போர்ட்டைப் படித்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எண் வாசிக்கத் தெரியும். லினோலிக் என்று ஒன்று, பால்மிட்டிக் என்று ஒன்று, ஒலீயிக் என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் எதிரில் சதவீதம். கடைசியில் 'மற்றவை 8.6' என்று இருக்கிறது. அது என்ன? நூறில் எட்டரைக்கு மேல் இருக்கிற ஒன்றுக்குப் பெயர் கிடையாதா? நான் ஒரு குழம்பு வைத்து, என்னென்ன போட்டாய் என்று நீ கேட்கும்போது, மல்லி, மிளகாய், புளி, மற்றவை என்று சொன்னால் அந்தக் குழம்பை நீ வாயில் வைப்பாயா?

இன்னொன்றும் யோசித்தேன். இத்தனை வருஷத்தில் நான் ரோஸ் முட்டை பார்த்ததில்லை. கூடு அதே கூடு. துணி அதே துணி. கை அதே கை. ஓணத்துக்குப் பிறகு மாறினது ஒன்றே ஒன்று, இந்தப் புண்ணாக்கு. அதை வாங்கச் சொன்னது யார்? "புரோட்டீன் ஜாஸ்தி மதினி, கடலைப் புண்ணாக்கைவிட நல்லது, நானே டெஸ்ட் பண்ணினேன்" என்று சொன்னது யார்?

அதனால் நானும் ஒரு டெஸ்ட் பண்ணப்போகிறேன். இருக்கிற நாற்பது கோழியை வலை கட்டி இரண்டாகப் பிரிக்கிறேன். இருபதுக்கு இலவம் புண்ணாக்கு. இருபதுக்குப் பழையபடி தவிடு, மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு. இரண்டு பக்கத்து முட்டையையும் இதே கையால் எடுப்பேன், இதே ஈரத் துணியால் துடைப்பேன். நீ உலர்ந்த துணி என்று எழுதினதைப் படித்த பிறகு ஈரத் துணிதான் என்று முடிவே பண்ணிவிட்டேன். சுசீலாபாய் அக்கா வைத்த மாதிரி நாற்பத்தொரு நாள் பிரிட்ஜில் வைத்து உடைப்பேன். என் கைதான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் ரோஸ் வர வேண்டும்.

உன் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு வலை வாங்கப் போயிருக்கிறார். கொத்தனார் வேலையில் சுவர் கட்டுகிற மனுஷர், வீட்டில் வலை கட்டப்போகிறார்.

உலகம்மாள்


தம்பானூர்,
22 ஜனவரி 2024

அன்புள்ள மதினிக்கு,

'மற்றவை' என்று எழுதுவது நான் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. மெஷின் போடும் படத்தில் பட்டியலில் இல்லாத சின்னச் சின்ன மேடுகள் வரும். அவற்றையெல்லாம் கூட்டி ஒரு வரியில் எழுதிவிடுவோம். எங்கள் லேபில் அதுதான் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த ஏழு வருஷத்தில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. நீங்கள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் டெஸ்ட் பண்ணுவது என்று முடிவு செய்தால் ஒழுங்காகப் பண்ணுங்கள். இளசும் கிழடும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். தீவனம் மாற்றியவுடனே முட்டையை எடுத்து வைக்காதீர்கள். பழைய தீவனம் கோழியின் உடம்பில் இருக்கும், மூன்று வாரம் போகட்டும். முட்டையில் பேனாவால் எழுதாதீர்கள், மை உள்ளே இறங்கும். பென்சில் போதும். முக்கியமாக, நீங்கள் உடைக்காதீர்கள். எது எந்தப் பக்கத்து முட்டை என்று தெரியாத ஆள் உடைக்க வேண்டும். தெரிந்தவர் உடைத்தால் அவர் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். உங்களை நம்பவில்லை என்று நினைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் என்னையும் நம்பக்கூடாது.

இரண்டு பக்கமும் ரோஸ் வந்தால், நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வீர்களா?

பிரேமா


நேமம்,
19 பிப்ரவரி 2024

பிரேமாவுக்கு,

ஒப்புக்கொள்வேன். சுசீலாபாய் அக்கா மெஸ்ஸில் அதே ஐந்து பேர் முன்னால் நின்று, என் கைதான் அழுக்கு என்று சொல்வேன். ஒரு பக்கம் மட்டும் ரோஸ் வந்தால் நீ என்ன செய்வாய் என்று உன் கடிதத்தில் இல்லை. யோசித்து வை.

நீ எழுதின எல்லாவற்றையும் அப்படியே செய்திருக்கிறேன். மூன்று வாரம் பொறுத்தேன். எட்டாம் தேதியிலிருந்து ஐந்து நாள் எடுத்ததில் பக்கத்துக்கு முப்பது, மொத்தம் அறுபது முட்டை. ஒரு பக்கத்துக்கு வட்டம், இன்னொன்றுக்குப் பெருக்கல் குறி. எது எது என்று ஒரு தாளில் எழுதி உன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன். சட்டைப் பையில் வைத்துத் துவைக்கப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிரிட்ஜ்தான் பெரிய பாடு. மெஸ்ஸில் இடம் கேட்டேன். "எனக்கு வேண்டாம்டீ, ஆளுக பேசும்" என்று சுசீலாபாய் அக்கா கையை விரித்துவிட்டார்கள். எங்கள் வீட்டு பிரிட்ஜில் இப்போது முட்டையைத் தவிர எதற்கும் இடமில்லை. தோசை மாவு வெளியே கிடந்து புளிக்கிறது. உன் அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைத் தின்கிறார்.

நேற்றுக் குழாயடியில் அடுத்த தெரு விஜயம் நின்றாள். ஆறு வருஷமாக என்னிடம் வாங்கினவள். "இனி முட்டை வேண்டாம்க்கா, பிள்ளைகளுக்கு ஒத்துக்காது" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழக்கூடாது என்று பக்கெட் நிறைகிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அதையும் நீ தெரிந்துகொள்.

அடைக்கு வைத்த கோழியும் இருபத்தொரு நாள் உட்கார்ந்துவிட்டு வெறும் முட்டையோடு எழுந்து போய்விட்டது. ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை. சேவலைத் திட்டினேன். இப்போது யோசித்தால் பாவமாக இருக்கிறது. அடைக்கு வைத்ததும் புண்ணாக்குத் தின்ற கோழியின் முட்டைதான்.

மார்ச் இருபத்துநான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை உடைக்கிறோம். நீ வராதே. நீ இருந்தால் உடைக்கிறவர்கள் உன் முகத்தைப் பார்ப்பார்கள்.

உலகம்மாள்


நேமம்,
26 மார்ச் 2024

பிரேமாவுக்கு,

செல்லபாயைத்தான் உடைக்கச் சொன்னேன். மெஸ்ஸில் லீவு கேட்டு வந்தாள். எது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒவ்வொன்றாக உடைத்தாள். உன் அண்ணன் ஸ்கூல் நோட்டில் எழுதினார்.

பெருக்கல் குறி போட்டது முப்பதும் வெள்ளை.

வட்டம் போட்டதில் முதலாவதை உடைத்ததுமே, "எம்மா, இது செவந்துல்லா கெடக்கு!" என்று செல்லபாய் பின்னால் தள்ளிப் போனாள். அப்புறம் ஒவ்வொன்றாக இருபத்தெட்டு ரோஸ். மஞ்சள் கரு ரப்பர் மாதிரி, விரலால் அழுத்தினால் உடையவில்லை. இரண்டு மட்டும் வெள்ளையாகவே இருந்தது. அது ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நோட்டிலும் எழுதச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் உன் அண்ணன் தாளை எடுத்து வாசித்தார். வட்டம்தான் இலவம் புண்ணாக்கு.

எடுத்த கை ஒன்று. துடைத்த துணி ஒன்று. இனி நீ எழுது.

உலகம்மாள்


தம்பானூர்,
6 ஏப்ரல் 2024

அன்புள்ள மதினிக்கு,

பதில் எழுதப் பத்து நாளாகிவிட்டது. முதல் இரண்டு நாள் கோபத்தில் போனது, உங்கள் மேல். உங்கள் டெஸ்ட்டில் எங்காவது ஓட்டை இருக்கும் என்று தேடினேன். நான் எழுதிக் கொடுத்த முறையில் நானே ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான், ஜூலையில் செய்திருக்க வேண்டிய வேலையை ஆரம்பித்தேன். அந்த 8.6 என்னவென்று பார்த்தேன்.

இலவங்கொட்டை, பருத்திக்கொட்டை மாதிரி சில விதைகளில் அபூர்வமான கொழுப்பு அமிலங்கள் உண்டு. ஸ்டெர்குலிக் என்று ஒன்று, மால்வாலிக் என்று ஒன்று. சாதாரணக் கொழுப்பு அமிலம் ஒரு நீளச் சங்கிலி என்றால், இவற்றில் சங்கிலியின் நடுவில் மூன்று கார்பன் சேர்ந்த குட்டி வளையம் ஒன்று இருக்கும். எங்கள் முப்பத்தேழு பெயர்ப் பட்டியலில் இவை இல்லை. கோழி இதைத் தின்றால் மஞ்சள் கருவின் கொழுப்பு கெட்டிப்படும், அதைச் சுற்றியிருக்கிற சவ்வு கசியத் தொடங்கும். உடனே உடைத்தால் ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் குளிரில் வைத்தால் மஞ்சள் கருவிலிருக்கும் இரும்புச் சத்து கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைக்குள் கசியும். அதுதான் ரோஸ். உங்கள் வீட்டில் அன்றன்றைக்கு உடைத்ததில் தெரியாமல், மெஸ் பிரிட்ஜில் மட்டும் தெரிந்தது இதனால்தான். முட்டை பொரிக்காததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பருத்திக்கொட்டை தின்ற கோழிகளைப் பற்றிப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். நான் படிக்கவில்லை. சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு முட்டையால் கெடுதல் வந்ததாக நான் பார்த்த எதிலும் இல்லை.

இனி எழுதுவதுதான் கஷ்டம். எண்ணெயை மெஷினுக்குள் அனுப்புவதற்கு முன் அமிலம் சேர்த்துச் சூடாக்குவோம். ஏழு வருஷமாகக் கை பழகிய வேலை. அந்த அமிலம் இந்தக் குட்டி வளையத்தை உடைத்துவிடும். உடைந்த துண்டுகள் சின்னச் சின்ன மேடுகளாக வரும். நான் அவற்றைக் கூட்டி 'மற்றவை' என்று எழுதினேன். இருந்ததை நானே உடைத்துவிட்டு, சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

எடுத்து வைத்திருந்த அதே சாம்பிளை அமிலம் சேர்க்காத முறையில் மறுபடி ஓட்டினேன். இரண்டு மேடும் தனித்தனியாக வந்தன. அப்படியும் மனசு கேட்கவில்லை. பழைய முறை ஒன்று இருக்கிறது, கந்தகம் கலந்த ஒரு திரவத்தை எண்ணெயோடு சேர்த்துச் சூடாக்குவது. அழுகின முள்ளங்கி நாற்றம். சோதனைக் குழாயில் எண்ணெய் செக்கச் செவேல் என்று சிவந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு உங்கள் முகம்தான் தெரிந்தது.

எங்கள் லேப் தலைவர் ஹரிநாராயணன் சாரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. "மெத்தட் பிரகாரம் நீ பண்ணினது சரியாத்தானேம்மா இருக்கு? மெத்தட்ல இல்லாததுக்கு நாம என்ன பண்றது? இதைக் கிளறினா லேபுக்கும் நல்லதில்லை, நோக்கும் நல்லதில்லை" என்றார். அவர் சொன்ன மாதிரி விட்டுவிட எனக்கு ஒரு நாள் ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் மில்காரர் என் ரிப்போர்ட்டை பிரேம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன். நான் நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா அதைக் காட்டி, இதுதானே டெஸ்ட் பண்ணினது என்று கேட்டு ஒரு சாக்கு வாங்கிப் போனார்கள்.

ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன். வேலை போனாலும் போகட்டும்.

உங்கள் கை சுத்தமாகத்தான் இருந்தது மதினி. என்னை மன்னித்துவிடுங்கள்.

பிரேமா


நேமம்,
10 ஏப்ரல் 2024

பிரேமாவுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஜெயித்துவிட்டோம் என்று துள்ளிக் குதிப்பேன் என நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை. கால் வலிதான் தெரிந்தது.

உன் அண்ணனும் படித்தார். மூன்று மாதமாக எந்தப் பக்கமும் சேராத மனுஷர், "வேலையை விட்டுராதன்னு அவளுக்கு எழுது. நமக்குள்ள தெரிஞ்சா போதும்லா?" என்றார். அப்பா இல்லாத வீட்டில் உன்னைப் படிக்க வைத்தவர். அவருக்கு உன் வேலை ஒரு மாடி வீடு மாதிரி. அவர் கேட்டதில் தப்பில்லை.

ஆனால் நமக்குள் தெரிந்தால் போதாது. உன் வேலை போக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அதை சாமி முன்னால் நின்று சொல்வேன். அதே சமயம், அந்தக் கடையில் சாக்கு வாங்கிப் போன அம்மாவுக்கு நாளைக்கு ரோஸ் முட்டை வரும். அவர்கள் கையையும் ஒருத்தி அழுக்கு என்பாள். அவர்களுக்கு வலை கட்ட ஒரு புருஷன் இருக்கிறாரோ இல்லையோ. அதனால் நீ எழுதிக் கொடு.

அடுத்தது என் காரியம். நீ கேட்ட மன்னிப்பு தபாலில் வந்தது. எனக்கு நடந்த அவமானம் தபாலில் நடக்கவில்லை. மெஸ்ஸில் நடந்தது. இந்தக் கடிதத்தைக் குழாயடியில் விரித்து வைத்து நான் யாருக்கு வாசித்துக் காட்டுவது? எங்கே சொன்னாயோ அங்கே வந்து சொல். யார் கேட்டார்களோ அவர்கள் கேட்கச் சொல். சுத்தம் என்ற ஒரு சொல்லை நம்பித்தான் பத்து வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அதை எடுத்தவள் நீ. திருப்பிக் கொடுக்க வேண்டியவளும் நீதான்.

முடியாது என்றால் அதையும் எழுது.

உலகம்மாள்


தம்பானூர்,
18 ஏப்ரல் 2024

அன்புள்ள மதினிக்கு,

முடியாது என்று எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை இருபத்தெட்டாம் தேதி மதியம், மெஸ்ஸில் கூட்டம் குறைகிற நேரம், இரண்டரை மணிக்கு வருகிறேன். சுசீலாபாய் அக்காவிடமும் செல்லபாய் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். ஹாஸ்டலில் ஜெஸ்லின், ஆர்யா, சுப்ரியா மூன்று பேரையும் நானே அழைத்து வருவேன். அதே ஐந்து பேர். நீங்களும் இருக்க வேண்டும்.

லேபில் எழுதிக் கொடுத்தாயிற்று. உங்கள் அறுபது முட்டையின் கணக்கையும், வெள்ளையாக இருந்த அந்த இரண்டையும் சேர்த்தே எழுதினேன். ஹரிநாராயணன் சார் ஒரு வாரம் மேஜையிலேயே வைத்திருந்தார். தினமும் காலையில் போய் அவர் முன்னால் நின்றேன். கடைசியில், "நீ விடமாட்டே போலருக்கே" என்று சொல்லிவிட்டு அனுப்பினார். ரிப்போர்ட் செல்லாது என்று மில்லுக்குத் தகவல் போய்விட்டது. மில்காரர் என்னைத் திட்டினார், ஆனால் பிரேமைக் கழற்றிவிட்டார். இனி புண்ணாக்கைத் தென்னைக்கு உரமாக மட்டும் விற்பதாகச் சொல்கிறார். சொன்னபடி செய்கிறாரா என்று வாரம் ஒரு தரம் போய்ப் பார்ப்பேன்.

வேலை போகவில்லை. ஆறு மாதத்துக்கு எந்த ரிப்போர்ட்டிலும் நான் கையெழுத்துப் போடக்கூடாது என்று உத்தரவு. சாம்பிள் வாங்கி வைக்கிற ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள். கஷ்டமாகத்தான் இருக்கிறது. நேற்று வரைக்கும் என்னிடம் சந்தேகம் கேட்டவர்கள் இன்று பாட்டிலை நீட்டிவிட்டுப் போகிறார்கள். அண்ணனிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி எழுதிப் பார்க்கிறேன். சரியாக வரவில்லை.

பிரேமா


நேமம்,
29 ஏப்ரல் 2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

நேற்று நீ பேசி முடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஜெஸ்லின் சொல்லியிருந்தாலும் பாதியைத்தான் சொல்லியிருப்பாள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் நீ பேசினதைப் பற்றி. சங்கிலி, வளையம், கார்பன் என்று ஆரம்பித்தபோது எனக்கே பயமாகிவிட்டது. செல்லபாய் கரண்டியும் கையுமாக வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நல்லவேளை சுசீலாபாய் அக்கா குறுக்கே புகுந்து, "மோளே, அதொக்கெ அங்க இருக்கட்டு. இவ கை சுத்தம்தானா, அல்லயா? அத சொல்லு" என்றார்கள். நீ, "சுத்தம்தான் அக்கா. நான் பாக்காமலே சொன்னேன். தப்பு என் ரிப்போர்ட்டுல, மதினி கையில இல்ல" என்றாய். அது போதும். நான் கேட்டது அவ்வளவுதான். கடைசிச் சொல் வரைக்கும் நிறுத்தாமல் சொன்னாய்.

நீ படி இறங்கினதும் ஜெஸ்லின், "இனி பிரேமா சேச்சி கையெழுத்தை யாரு நம்பும்? நாடு முழுக்க எத்தனை தப்பு ரிப்போர்ட் போட்டாங்களோ" என்று சொல்லிச் சிரித்தாள். ஆர்யாவும் சிரித்தாள். சுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். செல்லபாயும் பல்லைக் காட்டினாள்.

ஒன்றைச் சொல்கிறேன். நாலு மாதமாக நான் வேண்டிக்கொண்டதே அந்தச் சிரிப்பைத்தான். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒரு நாள் உன்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், நீயும் என்னை மாதிரி பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். நேற்று அது வந்தது. வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். "சிரிக்காத மோளே" என்றேன். "தப்புன்னு தெரிஞ்சதும் மேலாபீசர் முன்னால போயி தெனமும் நின்னா அவ. வேலை போனாலும் போட்டும்னு எழுதிக் குடுத்தா. பின்னே இந்த வெயில்ல நடந்து வந்து, அவ சோறு திங்கிற எடத்துல, உங்க முன்னால நின்னு சொன்னா. உங்கள்ல ஒருத்தி செய்வியளா? அவ கையெழுத்தப் பத்தி இனி ஒரு வார்த்தை இந்த மெஸ்ல கேட்டுது, நான் முட்டை தர மாட்டேன், கேட்டோ" என்றேன். சுசீலாபாய் அக்கா அப்போதுதான் இரண்டு தட்டு கேட்டு முடித்திருந்தார்கள். ஜெஸ்லின் கை கழுவப் போய்விட்டாள்.

உன் மேல் இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று நினைக்காதே. உள்ளதைச் சொன்னேன். இதை உன் அண்ணனிடம் சொன்னபோது அவர் எழுந்து போய்க் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தார். வைத்த பாத்திரத்திலேயே மறுபடியும் வைத்தார். அழுகிறார் என்று தெரிந்தும் நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். பாதி இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அந்தப் பாதியை நேரில் திட்டித் தீர்த்துவிட்டு மீன் குழம்பு வைக்கிறேன். காலையிலேயே வந்துவிடு, திட்ட நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மதினி
உலகம்மாள்